மீசை வைத்தால் சம்மதம்

"இத எங்கடா புடிச்ச?" என்று நெய்டி கேட்டாள். தையல் மெஷின் நின்றுவிட்டது.

அடெயில்டோ ஜுசாராவின் தம்பி, லாரி ஓட்டுகிறவன். கடலோரத்து ரெசிஃபி நகரத்திலிருந்து வண்டி ஓட்டி வந்த கையோடு, குளிக்கக்கூடத் தன் வீட்டுக்குப் போகாமல் அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். வந்தவன் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு சோளமாவுப் பொட்டலத்தை வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

மில்யாசூ சோளமாவு. உள்நாட்டுச் சின்ன ஊரான பெட்ரா மான்சாவில் அந்தப் பொட்டலம் இல்லாத அடுப்பங்கரை கிடையாது. காலையில் நனைத்து ஆவியில் வைத்தால் குஸ்குஸ், ராத்திரி மிச்சத்தைப் பாலில் போட்டால் அதுவே சாப்பாடு. ஊரில் பாதிப் பேருக்குச் சம்பளம் கொடுப்பதும் அந்த ஆலைதான். ஆனால் மேஜைமேல் இருந்த பொட்டலத்தை மட்டும் ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. மேலே வானவில் நிறத்தில் ஒரு பட்டை. கீழே பூப்போட்ட சீட்டிப் பாவாடையும் வைக்கோல் தொப்பியுமாக இரண்டு பெண்கள் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'எல்லா அன்பும் ஒரே அடுப்பில் வேகும்' என்று எழுதியிருந்தது. ஒருத்தி ஜுசாரா, இன்னொருத்தி நெய்டி.

ஜுசாராவுக்கு முதலில் சந்தோஷம்தான். படம் எடுத்த நாளிலிருந்து ஊரில் இருக்கிற ஒவ்வொரு மளிகைக் கடையிலும் தேடிக்கொண்டிருந்தவள் அவள். ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவிலேயே வேலை பார்த்தாலும், இந்த அச்சு அவள் மெஷினுக்கு வரவேயில்லை. ராத்திரி ஷிப்டில் ஓட்டியிருப்பார்கள் போல. ஒரு தடவை நெஞ்சோடு அணைத்துப் பார்த்துவிட்டு, "ஏன்டா, நம்ம கடைங்களுக்கு எப்ப வருது?" என்று தம்பியைக் கேட்டாள்.

"வராதுக்கா."

"வராதுன்னா?"

அப்புறம்தான் அவன் வாயைத் திறந்தான். கிடங்கில் இரண்டு அடுக்கு இருக்கிறதாம். கடலோரத்துப் பெரிய ஊர்களுக்குப் போகிற லாரியில் இந்தப் பொட்டலம். உள்நாட்டுக்குப் போகிற லாரியில் வேறு பொட்டலம். அதிலும் சீட்டிப் பாவாடை, வைக்கோல் தொப்பி எல்லாம் உண்டு, ஆனால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்று லாரிக்காரர்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்லி வைத்திருந்தார்கள். ரெசிஃபியில் பெரிய கடை வாசலில் இவர்கள் இரண்டு பேரையும் ஆள் உயரத்துக்கு அட்டையில் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள், ஜனங்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அக்காவின் முகத்தைத் தானே லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்குகிறோமே என்று இத்தனை நாளும் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்துவிட்டான்.

நெய்டி சிரித்தாள். அது சிரிப்பில்லை என்று அந்த வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"பாத்துக்க. நம்ம மூஞ்சி கடல்காத்து பட்டாத்தான் விக்குமாம்" என்றாள்.

மெஷினுக்கடியில் வெள்ளைத் துணி குவிந்து கிடந்தது. மணப்பெண் உடுப்பு. நெய்டி வருஷம் முழுக்கச் சந்தைக்கு ஜீன்ஸ் பை தைத்துக் கொடுப்பவள். விரல் நுனியெல்லாம் நீலச் சாயம் ஏறிக் கிடக்கும். வெள்ளைத் துணியில் கறை படக்கூடாதென்று எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவிவிட்டுத்தான் ஊசியையே தொட்டாள். அந்த உடுப்பு ஜூனில் வருகிற புனித யோவான் திருநாளுக்கு.

ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. யோவான் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் ஆலை மைதானத்தில் நெருப்பு மூட்டி ஜோடி ஜோடியாகக் குவாட்ரில்யா என்கிற நாட்டு ஆட்டம் ஆடுவார்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு விளையாட்டுக் கல்யாணம் நடக்கும். அந்த வருஷம் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்ட தொழிலாளி யாரோ, அவரும் அவர் துணையும்தான் மணமக்கள். ஜுசாராவும் நெய்டியும் மார்ச் மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சட்டம் சரி என்றது, அதிகாரி முத்திரை குத்தினார். இந்த வருஷம் ஆலையில் வேறு யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆக, முறை இவர்களுடையது.

முறை இருக்கட்டும், ஜுசாராவுக்கு அது அம்மா விஷயம். பதிவு அலுவலகத்துக்கு அம்மா வரவில்லை. அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு வரவில்லை. "ஆபீசுல கையெழுத்துப் போட்டா அது வீட்டு வாடகைப் பத்திரம். ஊர் பாக்க யோவான் நெருப்புக்கு முன்னால நின்னாத்தான் கல்யாணம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள் செஃபாம்மா. நெருப்புக்கு முன்னால் பொய் சொல்லக்கூடாது, அதைச் சாட்சி வைத்துச் சொன்ன சொல்லை மீறவும் கூடாது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நெருப்பைத் தாண்டி ஒருத்தரை உறவென்று சொல்லிவிட்டால் சாகும்வரைக்கும் உறவுதான். மகளைத் தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் ஜுசாரா அதைப் பிடித்துக்கொண்டாள். சரி, நெருப்புக்கு முன்னால் நிற்கிறேன், வந்து பாரு என்றாள். வருகிறேன் என்று அம்மாவும் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் பொட்டலத்தில் படம் போடவே ஜுசாரா சம்மதித்தது. மணமக்கள் நீங்கள்தான் என்று முதலாளி மகள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"வாக்கு அவ பக்கம் பத்திரமா இருக்கான்னு நாளைக்கிப் போய்க் கேட்டுட்டு வா" என்றாள் நெய்டி. மறுபடி மெஷினை ஓட்டவில்லை.

முதலாளி எவரால்டோவின் மகள் டாமரா சாவ் பாவ்லோவில் படித்துவிட்டு வந்தவள். நல்லவள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். தொழிலாளியைக் கண்டால் எழுந்து நின்று கன்னத்தில் முத்தம் கொடுப்பாள், பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், உட்காரச் சொல்வாள். மறுநாள் ஆலை அலுவலகத்தில் ஜுசாரா பொட்டலத்தை மேஜைமேல் வைத்ததும் அவள் முகம் கொஞ்சம் சிவந்தது. உடனே சமாளித்துக்கொண்டு, "அழகா வந்திருக்கீங்கல்ல?" என்றாள்.

ஜுசாரா இரண்டு அடுக்கைப் பற்றிக் கேட்டாள். டாமரா மறைக்கவில்லை. ரெசிஃபியில் இந்த மாதம் வானவில் பொட்டலம் கடைக்குப் போன வேகத்தில் தீர்ந்துபோகிறது. இளவட்டங்கள் தேடி வாங்குகிறார்கள். நியாயத்தின் பக்கம் நின்றால் லாபமும் வரும் என்று அவள் அப்பாவோடு சண்டை போட்டாள், வந்தும்விட்டது. ஆனால் உள்நாட்டு மொத்த வியாபாரி ஒருத்தன், அப்படி ஒரு பொட்டலம் இருக்கிறது என்று காதில் விழுந்ததற்கே போன் பண்ணி, உங்கள் மாவை என் வீட்டுப் பன்றிக்குக்கூடப் போடமாட்டேன் என்று கத்தியிருக்கிறான். அப்பா பயந்துவிட்டார். ரெண்டு பக்கமும் வியாபாரம் நடக்க வேண்டுமென்றால் ரெண்டு பொட்டலம்தான் வழி.

"பொட்டலத்த ரெண்டா அச்சடிச்சுக்கலாம் மேடம். நான் ஒருத்திதான இருக்கேன்" என்றாள் ஜுசாரா.

 டாமரா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவும் ஒரு பழக்கம், கெட்ட சேதி சொல்லும்போது பக்கத்தில் வந்து உட்காருவது.

சங்கதி இதுதான். பெரிய ஊர்களில் சிலர் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பொட்டலத்தில் வானவில் இருக்கிறது, ஆலைக்குள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுகிறார்கள். வாயை அடைக்க வேண்டுமென்றால், சொந்த ஆலைத் திருவிழாவில் அந்தப் பெண்களே மணமக்களாக ஆடுவதைப் படம் பிடித்துக் காட்ட வேண்டும். கேமராக்காரர்கள் ரெசிஃபியிலிருந்து வருகிறார்கள். இதற்கிடையில் அப்பா என்ன செய்தார் என்றால், உள்நாட்டு வியாபாரிகளையெல்லாம் அதே திருவிழாவுக்கு அழைத்துவிட்டார். முன்வரிசையில் அவர்கள் உட்காருவார்கள். இப்போது இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

"ஒரு யோசனை வந்துது" என்றாள் டாமரா. "நெய்டி மாப்பிள்ளை வேஷத்துல வரட்டும். கோட்டு, தொப்பி, கரியில ஒரு பெரிய மீசை. நம்ம லோடு ஏத்தற பசங்க வருஷா வருஷம் பொம்பள வேஷம் கட்டி ஆடறாங்கல்ல, அந்த மாதிரி. முன்வரிசைக்கு அது கூத்து. சிரிச்சுட்டுப் போயிருவாங்க. அப்பறம் லாரிக்குப் பின்னால மீசையத் துடைச்சிட்டு உங்க ரெண்டு பேரையும் தனியாப் படம் எடுத்துக்கலாம். அங்க பாக்கறவங்களுக்கு அது கல்யாணம். எல்லாருக்கும் திருப்தி."

"எங்களுக்கு?"

"ஜு, வேணாம்னா சொல்லிருங்க. கணக்குப்பிள்ளை பொண்ணுக்கு நிச்சயம் ஆயிருக்கு, அவங்க ஆடுவாங்க. உங்க வேலைக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது, சத்தியமா."

கதவருகில் முதலாளியே வந்து நின்றார். பருத்த மனிதர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசுவார். இவர்கள் பதிவுத் திருமணத்துக்கு ஒரு மேஜை ஃபேன் வாங்கி அனுப்பியவர், அது இன்றைக்கும் நெய்டியின் மெஷின் பக்கத்தில்தான் சுற்றுகிறது. "எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. நான் மாவு விக்கிறவன். வாங்கறவனுக்குத்தான் நான் பயப்படணும்" என்றார். அதில் பொய் ஒன்றுமில்லை. தன் வீட்டு ஹாலில் இவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார். ஊர் பார்க்கிற இடத்தில் உட்காரவைக்கத்தான் அவருக்குத் துணிச்சல் கிடையாது. அநியாயம் செய்கிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள், கை நிறைய ஃபேன் வைத்துக்கொண்டு.

வீட்டில் அன்றைக்கு நெய்டி சாப்பிடவில்லை. லோடுமேன் பையன்கள் கதையை எடுத்துக்கொண்டு பொரிந்து தள்ளினாள். வருஷா வருஷம் தடித்தடியாக ஆண்பிள்ளைகள் ரவிக்கைக்குள் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு வந்து ஒருத்தனையொருத்தன் கட்டிப் பிடிக்கிறார்கள், பாதிரியார் முதற்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அப்போது யாருக்கும் சாமி கோபித்துக்கொள்ளவில்லை. வேஷம் என்றால் ஊருக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது, நிஜம் என்றால் வயிறு எரிகிறது. பொய்யாகக் கட்டிப் பிடித்தால் திருவிழா, நெஞ்சாரக் கட்டிப் பிடித்தால் அசிங்கம். இது என்ன கணக்கு என்று கேட்டாள்.

ஜுசாரா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அடெயில்டோ அந்தப் பொட்டலத்தை அம்மாவிடமும் கொண்டுபோய்க் காட்டியிருந்தான். செஃபாம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாளாம். இந்த ஊரில் விற்கமாட்டார்கள் என்று கேட்டதும், "ஏன், என் மக மூஞ்சி அவ்வளவு கேவலமா?" என்று மட்டும் கேட்டாளாம். கல்யாணத்தை ஒத்துக்கொள்ளாத அம்மாதான். ஆனாலும் கேட்டிருக்கிறாள். அதிலிருந்து ஜுசாராவுக்கு ஒரு நப்பாசை. வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், நெருப்புக்கு முன்னால் பார்த்துவிட்டால் போதும், அம்மா மனசு மாறிவிடும். மீசை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

"நாம மாட்டேன்னா அந்தப் பொண்ணு ஆடிரும். அம்மா அப்பறம் எந்த வருஷம் வருவாளோ" என்றாள்.

"நான் மீசை வெச்சுக்கிட்டு நின்னா உங்கம்மா பாக்கப்போறது உன் கல்யாணத்த இல்ல. கூத்த."

"எனக்காக, நெய்டி."

 நெய்டிக்கு அம்மா கிடையாது. ஜுசாராவுக்கு ஒன்று இருக்கிறது, அது நாலு வீடு தள்ளி இருக்கிறது. கடைசியில், "சரி, கரியக் குழைச்சு வை" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் மைதானம் நிரம்பிவிட்டது. காகிதத் தோரணம் காற்றில் படபடக்க, அவித்த சோளத்தின் ஆவியும் விறகுப் புகையும் கண்ணைக் கரித்தன. முன்வரிசையில் வியாபாரிகள் புதுத் தொப்பியோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பொட்டலம் கட்டும் பிரிவுப் பெண்கள், அவர்கள் பிள்ளைகள், ஊர் ஜனம். ஓரத்தில் இரண்டு கேமரா. செஃபாம்மா சர்ச்சுக்குப் போகிற பழுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு, சொந்த நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து நெருப்புக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். 

கல்யாணம் எப்போதும் போலத்தான். வாட்ச்மேன் பாதிரியார் வேஷத்தில் தகர டப்பாவைத் தூபக்கலசம் மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தான். அடெயில்டோ பெண்ணைப் பெற்றவன் வேஷத்தில், கையில் மரத் துப்பாக்கி. பிள்ளைத்தாச்சி போல வயிற்றில் தலையணை கட்டிய மணப்பெண்ணாக ஜுசாரா. வழக்கம்போல நாலு பேர் மாப்பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். தொளதொளத்த கோட்டும், மூக்குக்குக் கீழே காதுவரை இழுத்த கரி மீசையுமாக நெய்டி.

மைதானம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசை வியாபாரி ஒருத்தன் தொடையைத் தட்டிக்கொண்டு, "இது நம்ம ஊரு மாப்பிள்ளைங்கள விட லட்சணமா இருக்கே" என்றான். முதலாளி அவனைவிடச் சத்தமாகச் சிரித்தார். அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியிருக்க வேண்டும்.

ஜுசாரா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள். நிம்மதியாகப் பக்கத்துப் பெண்மணியின் தோளைத் தட்டி, "வெளையாட்டுக்குத்தான். சும்மா வெளையாட்டுக்கு" என்று சொல்வது நெருப்பின் சடசடப்பையும் தாண்டிக் கேட்டது.

அந்த வார்த்தை ஜுசாராவை அறைந்தது. நெய்டி சொன்னது சொன்னபடி ஆயிற்று. அம்மாவை நெருப்புவரை இழுத்துக்கொண்டு வந்து, உன் மகள் வாழ்க்கை ஒரு விளையாட்டு என்று தானே காட்டிக்கொடுத்தாயிற்று. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"இந்தப் பொண்ண ஏத்துக்கறியா?" என்று வாட்ச்மேன் மூக்கால் பேசிக் கேட்டான். இந்த இடத்தில் மாப்பிள்ளை தப்பித்து ஓட வேண்டும், பெண்ணைப் பெற்றவன் துப்பாக்கியோடு துரத்த வேண்டும். வருஷா வருஷம் கூட்டம் காத்திருப்பதே அதற்குத்தான். நெய்டி ஓடவில்லை.

"ஓடு" என்று வாட்ச்மேன் பல்லிடுக்கில் சொன்னான்.

"எதுக்கு? ஏத்துக்கறேன்" என்றாள் நெய்டி. தன் சொந்தக் குரலில்.

துப்பாக்கியைத் தூக்கிய அடெயில்டோவுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சிரிப்பு அங்கங்கே அறுந்தது. ஜுசாரா தலையணையை உருவிக் கீழே போட்டாள். நெய்டி மெனக்கெட்டுத் தைத்த வெள்ளை முக்காட்டின் நுனியை எடுத்து, எச்சில் தொட்டு, நெய்டியின் மூக்குக்குக் கீழே துடைத்தாள். ஒரு துடைப்பில் போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். முக்காடு கறுத்தது, மீசை போயிற்று. கூட்டத்துக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

முன்வரிசையில் ஒருத்தன் கால்மேல் போட்ட காலை இறக்கினான். முதலாளி மைதானத்து மேடை ஓரத்தில் நின்று, ஆட்டத்தைத் தொடங்கு என்று பியுவைப் பார்த்துக் கையை ஆட்டினார். பியு ஆலையில் சல்லடை பார்க்கிறவன், குவாட்ரில்யாவுக்கு அவன்தான் குரல் கொடுப்பவன். கலவரமாகிவிடப் போகிறதே என்ற பதற்றத்தில் அக்கார்டியன்காரனைக் கிள்ளிவிட்டு, ஜோடிகளை வரிசையில் ஓடவிட்டான். மணமக்களும் வரிசைக்கு முன்னால் நகர்ந்தார்கள்.

"பாதையில பாம்பு" என்று பியு குரல் கொடுத்தான். ஆடுகிறவர்கள் அலறிப் பின்னால் திரும்பினார்கள். "பொய்" என்றது கூட்டம். ஆடுகிறவர்கள் மறுபடி முன்னால் திரும்பினார்கள். "மழ வருது" என்றான், திரும்பினார்கள். "பொய்" என்றது கூட்டம், திரும்பினார்கள். "பாலம் ஒடஞ்சுபோச்சு" என்றான். "பொய்." தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து கேட்டு வளர்ந்த ஆட்டம். வாய் தானாகச் சொல்லும். கூட்டத்துக்கு மூச்சு திரும்பிற்று, எவரால்டோ கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜுசாரா பியுவிடம் போய் மைக்குக்குக் கையை நீட்டினாள். பியு முதலாளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்ன நினைத்தானோ கொடுத்துவிட்டான்.

"நெய்டிக்கு மீச இருக்கு" என்று அவள் குரல் கொடுத்தாள்.

கூட்டம் யோசிக்கவேயில்லை. "பொய்" என்றது. ஆடுகிறவர்கள் திரும்பினார்கள்.

"நெய்டி என் மாப்பிள்ள."

"பொய்."

"இந்தக் கல்யாணம் வெளையாட்டு."

அந்த இடத்தில் பாதிப் பேருக்கு வாய் தடுமாறிற்று. ஆனாலும் பொட்டலம் கட்டும் பெண்கள் பக்கமிருந்து "பொய்" வந்தது, கெட்டியாக வந்தது.

ஜுசாரா மைக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். வியாபாரிகளைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்க்கவில்லை. பழுப்பு உடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"நெய்டி என் பொண்டாட்டி."

ஆடுகிறவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். பொய் என்று யாராவது சொன்னால்தான் திரும்ப முடியும். ஒருத்தரும் சொல்லவில்லை. முன்வரிசைக்காரர்கள் ஊர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்தார்கள், ஊர்க்காரர்கள் நெருப்பைப் பார்த்தார்கள். செஃபாம்மாவின் வாய் திறந்தது.  யோவான் நெருப்பு கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தது, அதற்கு முன்னால் உட்கார்ந்து, மகள் சொன்னது பொய் என்று பொய் சொல்ல அந்தக் கிழவியால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டாள். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு வேலை இருக்குமா என்று ஜுசாராவுக்குத் தெரியாது. தம்பி லாரிச் சாவி என்னவாகும் என்றும் தெரியாது. அதையெல்லாம் நாளைக்கு நினைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. நெய்டி பக்கத்தில் வந்து, கரி ஒட்டின கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாமராதான் முதலில் சுதாரித்தாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் பதிவாகிக்கொண்டிருக்கிறது, ரெசிஃபியில் எல்லோரும் பார்க்கப் போகிறார்கள். அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். எவரால்டோ வியாபாரி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சட்டென்று பிடிபட்டுவிட்டது. மேடையில் ஏறி இன்னொரு மைக்கை வாங்கினார். முகத்தை மலர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, முன்வரிசையைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துக் கணீரென்று சொன்னார்.

"நம்ம மில்யாசூ குடும்பம் என்னைக்குமே இந்தப் பொண்ணுங்க பக்கம்தான் நின்னுருக்கு."

"பொய்."

முதலில் வந்தது ஒரே ஒரு குரல். சர்ச்சில் பாடிப் பாடி உடைந்த குரல். அம்மா வயிற்றில் இருந்த காலத்திலிருந்தே ஜுசாராவுக்குத் தெரிந்த குரல். அடுத்த நொடி மைதானம் முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னது. பொட்டலம் கட்டுகிற பெண்கள், லோடுமேன்கள், சோளம் விற்றவள், வாட்ச்மேன் பாதிரியார் எல்லோரும் சொன்னார்கள். பொய் என்று காதில் விழுந்தால் திரும்ப வேண்டும் என்பதுதான் ஆட்டத்தின் விதி. ஜோடிகள் திரும்பின. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணப்பெண்கள் இருவரும் முன்னே போக, நெருப்பை நோக்கி ஆடிக்கொண்டு போனார்கள்.